தியானத்தில் மனம் அடங்கினால் அதுதான் முக்தியா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருடமாகத் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் உட்காருகிறீர்கள். சில நாள் எண்ணமே இல்லாமல் பத்து, பதினைந்து நிமிடம் கழிகிறது. ஆனால் எழுந்து கால் மணி நேரத்துக்குள் பழைய கோபம், பழைய பயம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. 'எண்ணமற்ற அந்த நிலைதான் முக்தி என்றால் அதை நாள் முழுவதும் நீட்ட என்ன வழி? இல்லை என்றால் இத்தனை வருடம் செய்தது வீணா? இனிமேலாவது ஒரு குருவைத் தேட வேண்டுமா?' இவைதான் நீங்கள் கேட்டவை.

அது முக்தி இல்லை. செய்தது வீணும் இல்லை. எழுந்ததும் வருகிறதே ஒரு கோபம், உங்கள் சாதனையின், அதாவது பயிற்சியின், அடுத்த பாடம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

ரமணர் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி நெடுநேரம் சமாதியில் இருந்தார். கண் திறந்ததும் தாகம். சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் திரும்பி வருவதற்குள் மறுபடியும் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். வருடங்கள் ஓடின. சீடன் காலமாகிவிட்டான், கங்கையே தடம் மாறிப் போய்விட்டது. ஒருநாள் யோகி விழித்தார். வாயிலிருந்து வந்த முதல் சொல்: 'தண்ணீர் எங்கே?'

இத்தனை காலமும் அவர் மனத்தில் ஓர் எண்ணமும் ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடைசியாக எழுந்த ஆசை மட்டும் கொஞ்சமும் வாடாமல், வைத்த இடத்தில் வைத்தபடி இருந்திருக்கிறது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். உட்கார்ந்து பழகியவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும்.

ரமணர் 1927இல் எழுதிய 'உபதேச உந்தியார்' மொத்தமே 30 பாட்டுதான். மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவைபோல மனமும் ஒடுங்கும் என்கிறார் அதில். கையோடு, ஒடுக்கம் இரண்டு வகை என்றும் பிரித்துவிடுகிறார். ஒன்று லயம், இன்னொன்று நாசம். லயித்தது மறுபடி எழும், உரு மாய்ந்தது எழாது. வலையில் பட்ட பறவைக்கு இறக்கை போய்விடவில்லையே. வலையை எடுத்த கணமே பறக்கும். உங்கள் முக்கால் மணி நேரம் ஒரு நல்ல வலை. அவ்வளவுதான் இப்போதைக்கு.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். எண்ணம் இல்லாமல் இருப்பதே முக்தி என்றால், நாம் எல்லோரும் தினமும் ராத்திரி முக்தி அடைந்து காலையில் அதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். யோக சூத்திரங்களை எழுதிய பதஞ்சலி இந்த விஷயத்தில் கறாரானவர். சித்தத்தின் விருத்திகள், அதாவது மனத்தில் எழும் அசைவுகள், ஐந்து என்று எண்ணும்போது தூக்கத்தையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். சரியான அறிவு, பிழையான அறிவு, வெறும் சொல்லிலிருந்து எழும் கற்பனை, தூக்கம், நினைவு. தூக்கம் எப்படி விருத்தியாகும்? உரை எழுதிய வியாசர் காரணம் சொல்கிறார்: எழுந்ததும் 'நன்றாகத் தூங்கினேன்' என்கிறோம். அனுபவிக்காத ஒன்று நினைவில் வராது. அப்படியானால் அப்போதும் சித்தம் எதையோ பற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எனவே அந்தப் பதினைந்து நிமிடத்தில் தெளிவு எவ்வளவு, இதமான மயக்கம் எவ்வளவு என்று நேர்மையாகப் பாருங்கள். எழும்போது உடம்பு லேசாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா, பகல் தூக்கம் கலைந்து எழுந்தமாதிரி மந்தமாக இருக்கிறதா? முதல் சில வருடம் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த 'ஆழ்ந்த தியானம்' பெரும்பாலும் இரண்டாவது ரகம். பக்கத்தில் உட்கார்ந்தவர் 'லேசாகக் குறட்டை கேட்டது' என்று சொன்ன பிறகுதான் புரிந்தது.

சரி, முக்தி அதில் இல்லை என்றால் வேறு எதில்? யோகம் என்பது சித்த விருத்திகளின் நிரோதம், அதாவது அடக்கம், என்ற சூத்திரத்தை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. அப்போது, காண்பவன் தன் இயல்பில் நிற்கிறான் என்பது மூன்றாவது சூத்திரம். மற்ற நேரங்களில் எழுகிற விருத்தி எதுவோ அதன் உருவத்தையே தன் உருவமாகக் கொள்கிறான் என்பது நான்காவது. கட்டு என்று நம் மரபு சொல்வது இந்த நான்காவதைத்தான். கோபம் எழுவதால் நாம் கட்டுப்படவில்லை. எழுந்த கோபமாகவே நாம் ஆகிவிடுவதால் கட்டுப்படுகிறோம்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'எனக்குக் கோபம் வருகிறது' என்றுதான் சொல்கிறோம். வருவது கோபம். அது யாருக்கு வருகிறதோ அவன் வேறு. இலக்கணம் நான்காம் வேற்றுமை போட்டு இருவரையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. பேசும்போது பிரித்துப் பேசிவிட்டு வாழும்போது ஒன்றாக்கிக்கொள்கிறோம். ரமணர் 'நான் யார்?' உபதேசத்தில் கற்றுக்கொடுத்த விசாரணையும் இந்த 'எனக்கு'வைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ஒரு நினைவு எழுந்தால் இது யாருக்கு உண்டாயிற்று என்று பார்க்க வேண்டும், 'எனக்கு' என்று வரும், அந்த நான் யார் என்று பார்க்க வேண்டும். இரண்டே கேள்விதான். விடையை வாயால் சொல்வதற்காகக் கேட்பதில்லை. நினைவின் பின்னால் ஓடும் கவனத்தை, நினைப்பவன் பக்கம் திருப்புவதற்கு.

உங்கள் கோபம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குப் பதஞ்சலி நூலின் இரண்டாம் பாதத்தில், அதாவது இரண்டாம் அத்தியாயத்தில், நேரான விளக்கம் இருக்கிறது. கிலேசங்கள், அதாவது மனத்தை வருத்தும் களங்கங்கள், ஐந்து: அவித்யை என்னும் அறியாமை, 'நான்' என்னும் அஸ்மிதை, விருப்பு, வெறுப்பு, உயிர்மேல் உள்ள பிடிப்பு. முதலாவதுதான் மற்ற நான்குக்கும் வயல். பட்டியலைவிட முக்கியமானது, இவை இருக்கக்கூடிய நான்கு நிலைகள். உறங்கிக்கிடக்கலாம், மெலிந்திருக்கலாம், இடையில் அறுந்து நிற்கலாம், முழு வேகத்தில் ஓடலாம். இடையில் அறுந்து நிற்பதற்கு வியாசர் தரும் உதாரணம் கொஞ்சம் குறும்பானது. சைத்திரன் ஒருத்தியிடம் காதலாக இருக்கிறான் என்பதால் மற்றப் பெண்களிடம் ஆசை அற்றவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் ஓய்ந்திருக்கிறது, அவ்வளவே.

தியானத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கோபம் இந்த நான்கில் எங்கே இருக்கிறது? உறங்குகிறது, அல்லது அறுந்து நிற்கிறது. மெலிந்திருக்கிறதா என்பது உட்கார்ந்த இடத்தில் தெரியாது, எழுந்த பிறகுதான் தெரியும். போன வருடம் மூன்று நாள் நீடித்த கோபம் இந்த வருடம் மூன்று மணி நேரத்தில் தணிகிறதா? வார்த்தையை விடுவதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைக்கிறதா? இந்தக் கணக்கைப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்ததும் கோபம் வருகிறது என்பதை மட்டும் வைத்துத் தோல்வி என்று எழுதிவிட வேண்டாம்.

எவ்வளவு தூரம் தியானத்தால் ஆகும் என்பதையும் அதே பாதம் சொல்கிறது. கிலேசங்களின் வெளிப்பட்ட ஓட்டத்தைத் தியானத்தால் நீக்கலாம். நுண்ணிய வேர் அப்படிப் போகாது, அது தோன்றிய இடத்துக்கே திரும்பி ஒடுங்க வேண்டும். துணியில் இருக்கிற பெரிய அழுக்கு உதறினால் போகும், நுண்ணிய அழுக்கைப் போக்க முயற்சியும் உபாயமும் வேண்டும் என்று உரைகாரர் விளக்குகிறார். விவேகம் முற்றியவனிடம் கிலேசங்கள் வறுத்த விதைபோல ஆகும் என்பது இன்னொரு உவமை. பார்க்க விதைதான், முளைக்காது.

இங்கேதான் நான் முதலில் சொன்னது வருகிறது. அடங்கிக் கிடக்கும் விதையை யாராலும் பார்க்க முடியாது. முளைவிடும் நேரத்தில்தான் அது கண்ணில் படும். 1896 ஜூலையில் மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு, பின்னாளில் ரமணர் ஆனவருக்கு, நடந்ததை நினைத்துப் பாருங்கள். தியானம் செய்து பழகியவன் இல்லை. திடீரென்று சாவுபயம் பிடித்தது. பதஞ்சலி பட்டியலில் கடைசியாக வைத்து, கற்றறிந்தவனையும் விடாதது என்று சொன்ன கிலேசம் அது. பையன் அதை அடக்கவில்லை, கவனத்தை வேறு பக்கம் திருப்பவும் இல்லை. செத்தவன் மாதிரியே கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, 'சாவது இந்த உடம்பு, நான் சாகிறேனா?' என்று உள்ளே பார்த்தான். சில வாரம் கழித்து, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950இல் உடல் மறையும்வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. அவருக்கு ஒரே தடவையில் நடந்தது உங்களுக்கும் எனக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முறையைக் கவனியுங்கள். கிலேசம் முழு வேகத்தில் எழுந்த நேரமே அங்கே சாதனை நேரமாகிவிட்டது.

அப்படியானால் காலையில் எதற்கு உட்கார வேண்டும்? பயிற்சி இல்லாத கவனம் கோபத்துக்கு எதிரில் ஒரு நொடிகூட நிற்காது, அதனால்தான். தாரணை என்றால் சித்தத்தை ஓர் இடத்தில் கட்டுவது. அந்த இடத்திலேயே எண்ணம் ஒரே சீராக ஓடினால் தியானம். இராமானுசர் இதை இடைவிடாத எண்ணெய் ஒழுக்கு என்பார். செய்கிறவன் என்ற உணர்வும் ஓய்ந்து, பொருள் மட்டும் ஒளிர்ந்தால் சமாதி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தியானம் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நம்மில் பெரும்பாலோர் செய்வது தாரணை முயற்சி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மனம் ஓடுவதும், ஓடியது தெரிவதும், திரும்பக் கொண்டுவருவதும் ஒரு சுற்று. முக்கால் மணி நேரத்தில் நாற்பது தடவை ஓடியது என்றால், நாற்பது தடவை 'ஓடியது' என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாலையில் கோபம் வரும்போது உதவப்போவது அந்தத் தெரிதல்தான். எண்ணமே இல்லாத பதினைந்து நிமிடத்தைவிட இந்த நாற்பதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். கீதையில் அருச்சுனன், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது மாதிரி என்று புலம்பும்போது கண்ணன் அதை மறுக்கவில்லை. கடினம்தான், சந்தேகமில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே அப்பியாசம் என்னும் பழக்கத்தையும் வைராக்கியம் என்னும் பற்றின்மையையும் சொல்கிறான்.

நீங்கள் எழுதியதில் ஒன்று கண்ணில் படவே இல்லை. இயமம், நியமம். செய்யக்கூடாதவை, செய்யவேண்டியவை என்ற ஒழுக்கங்கள். யோகத்தின் எட்டு அங்கங்களில் முதல் இரண்டு. திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை இங்கிருந்துதான் தொடங்குகிறார். இப்போது யோகம் என்றால் ஆசனம் என்று ஆகிவிட்டது. பதஞ்சலியின் 195 சொச்சம் சூத்திரங்களில் ஆசனத்துக்கு நேராக ஒதுக்கியது மூன்றே மூன்று. நிலையாக, சுகமாக உட்கார் என்பதோடு ஏறக்குறைய முடித்துக்கொள்கிறார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலான இயமங்களுக்கும் நியமங்களுக்கும் சேர்த்து அதைவிடப் பல மடங்கு இடம் கொடுத்திருக்கிறார். காரணம் எளியது. பகலில் ஒருவரிடம் பொய் சொன்னால், மறுநாள் காலையில் கண்ணை மூடியதும் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலை தொடங்கிவிடும். உட்காருவதற்கு முந்தின நாளே உட்காருதல் ஆரம்பித்துவிடுகிறது.

கோபத்துக்குக் குறிப்பாக இரண்டு உபாயம் அந்த நூலிலேயே உண்டு. சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம், நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் பாராமுகம். இந்த நான்கும் சேர்ந்து ஓர் உபாயம். நான்கில் முதலாவது சுலபம் என்று தோன்றும், செய்து பார்த்தால் அதுதான் கஷ்டம். நம்மைவிட நன்றாக இருப்பவரிடம் நட்பாக இருப்பது லேசுப்பட்ட காரியமா? இரண்டாவது உபாயம், தீய எண்ணம் எழும்போது அதன் எதிர்ப்பக்கத்தை நினைப்பது. இந்தக் கோபம் எனக்கே எத்தனை துன்பத்தையும் அறியாமையையும் கொண்டுவரும் என்று யோசித்துப் பார்ப்பது. இதை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. தியானம் முடிந்ததும் சட்டென்று எழுந்துவிடாமல் ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்தபடி அங்கேயே இருங்கள். முதல் எரிச்சல் எங்கே, எந்த நினைவோடு நுழைகிறது என்று பாருங்கள். உடம்பில் எந்த இடம் இறுகுகிறது என்றும் பாருங்கள். அதைத் துரத்த வேண்டாம். 'யாருக்கு?' என்ற ஒரு கேள்வி போதும். ஒரு மாதம் இப்படிச் செய்தாலே, தியானம் எங்கே முடிகிறது, நாள் எங்கே தொடங்குகிறது என்ற கோடு கொஞ்சம் அழிவதைக் காண்பீர்கள்.

ஒளி, ஒலி, காட்சி, சித்தி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. பதஞ்சலி ஒரு பாதத்தின் பெரும்பகுதியைச் சித்திகளுக்கு ஒதுக்கிவிட்டு, நடுவிலே இவை சமாதிக்கு இடையூறு என்றும் சொல்லிவிடுகிறார். தாயுமானவர் நீர்மேல் நடக்கலாம், நெருப்பின்மேல் இருக்கலாம், வேறொரு உடலில் புகலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது' என்று முடித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

மூச்சுப் பயிற்சியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. திருமந்திரத்தில் 16 மாத்திரை நேரம் மூச்சை இழுப்பது (பூரகம்), 64 மாத்திரை அடக்குவது (கும்பகம்), 32 மாத்திரை விடுவது (ரேசகம்) என்ற கணக்கு வருகிறது. அதை வாசித்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்காராதீர்கள். சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மெல்ல மெல்லத்தான் பிராணனைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் சாதகனையே கொன்றுவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகையே சொல்கிறது. அதுபோல, தியானம் கூடிய பிறகு தூக்கம் போய்விட்டது, காரணமற்ற பீதி வருகிறது, எதுவுமே நிஜமில்லை என்று தோன்றிப் பயமுறுத்துகிறது என்றால் 'கர்மா கழிகிறது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தொடர வேண்டாம். நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முக்தி என்றால் கடைசியில் என்ன என்பதில் மரபுகளுக்குள் ஒற்றுமை கிடையாது. பதஞ்சலிக்கு அது கைவல்யம். காண்பவன் பிரகிருதியிலிருந்து, அதாவது மனமும் உடலும் அடங்கிய இயற்கையிலிருந்து, பிரிந்து தனித்து நிற்பது. அத்வைதத்தில் பிரிவதற்கும் சேர்வதற்கும் இரண்டாவது பொருளே இல்லை, எப்போதும் இருப்பதை அறிவதே முக்தி. சைவ சித்தாந்தத்தில் 'நான்' என்னும் அழுக்கான ஆணவ மலத்தின் வலிமை ஒடுங்கி, உயிர் சிவத்தோடு இரண்டறக் கலப்பது. இதற்கு உமாபதி சிவம் தந்த உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். தாள், தலை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தால் 'தாடலை' என்று ஒரே சொல்லாக ஒலிக்கும். ளகரமும் தகரமும் தனித்தனியே காதில் விழாது, ஆனால் இரண்டில் ஒன்றும் இல்லாமல் போய்விடவும் இல்லை. ஆன்ம அனுபவத்துக்குப் புணர்ச்சி விதியை உவமையாக்கத் தமிழில் எழுதிய ஒருவருக்குத்தான் தோன்றும்.

இவற்றில் எது சரி என்று இப்போதே முடிவுகட்ட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. பெரும்பாலும் மூன்று வழியும், பற்று விடுவதிலும் 'நான்' தளர்வதிலும் ஒரே சாலையில்தான் நெடுந்தூரம் போகின்றன. நம் மொழியில் முக்திக்குப் பெயரே வீடு, விடு என்பதிலிருந்து வந்தது. 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. எதிலிருந்து நீங்குகிறோமோ அதனால் வரும் நோவு இல்லை. வள்ளுவர் மொத்தமாக அறுத்தெறியச் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவதைக் கவனியுங்கள். உங்களுக்கு அது கோபத்திலிருந்து தொடங்கட்டும்.

முக்தி அடைந்தவருக்கும் உடம்பின் வினைகள் நடந்துகொண்டிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குயவன் கையை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுவதுபோல என்று சாங்கிய காரிகை சொல்லும். ஆகவே ஞானி என்றால் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சிலை மாதிரி இருப்பார் என்று கற்பனை செய்துகொண்டு, அந்தச் சிலையோடு உங்களை ஒப்பிட்டு நொந்துகொள்ள வேண்டாம்.

குரு விஷயம். நீங்கள் இப்போது செய்வதற்கு, அதாவது உட்காருவதற்கும் பார்ப்பதற்கும், குரு கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். பிராணாயாமத்தில் ஆழமாகப் போவதானால் பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும். இதைத் தாண்டி, நீங்களாகக் கண்டுபிடிக்கவே முடியாத குறை ஒன்று உண்டு. உங்கள் குறட்டை உங்களுக்குக் கேட்காது. அதற்காக ஒருவரைத் தேடுங்கள். தேடிப் போகும் இடத்தில் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் சில விஷயங்களை விசாரியுங்கள். அங்கே பத்து வருடமாக இருப்பவர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள், கேள்வி கேட்டவரை எப்படி நடத்துகிறார்கள், பணமும் ரகசியமும் எவ்வளவு புழங்குகின்றன, விலகிப் போனவரைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள். விலகிப் போன ஒருவரையே நேரில் பார்த்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

அதுவரை காலை முக்கால் மணி நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் கண் திறந்து செய்யுங்கள்.